எலுமிச்சைச் சொறி பூஞ்சை நோய் அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் எலுமிச்சைச் சொறியைப் பூஞ்சை நோய் என்று போட்டிருந்தீர்கள். நான் முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன். இப்போது புளியங்குடிப் பக்கம் எண்பது எலுமிச்சை மரங்களோடு இருக்கிறேன். சும்மா விட மனம் வரவில்லை.

அது பாக்டீரியா. சாந்தோமோனாஸ் சிட்ரி என்று பெயர். பக்கத்துத் தோட்டக்காரர் போன ஐப்பசியில் பூஞ்சை என்று நம்பி கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை மூன்று தடவை அடித்தார். அடுத்த மழைக்குத் தளிரெல்லாம் சொறி.

நோய் பிடித்த இலையைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் புடைத்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். சுற்றிலும் மஞ்சள் வளையம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புடைப்பைக் கட்டுவது மரமேதான். இலைத்துளை வழியாகவோ முள் கீறின காயத்தின் வழியாகவோ நுழையும் பாக்டீரியா, செல்லுக்குள் ஒரு புரதத்தைச் செலுத்துகிறது. அது நேராக உட்கருவுக்குப் போய், மரத்தின் எல்ஓபி1 என்ற மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை முடுக்கிவிடுகிறது. உடனே செல்கள் வீங்கிப் பெருகி, இலையின் தோல் வெடிக்கிறது. வெடிப்பில் கசியும் பாக்டீரியாவை மழைத்துளி அடுத்த இலைக்குத் தெறிக்கவிடுகிறது. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான்.

இது 2014-இல் தெரியவந்தது. 2017-இல் சீன விஞ்ஞானிகள் ஓர் ஆரஞ்சு ரகத்தில் அந்த முன்பகுதியைத் திருத்தினார்கள். புரதத்துக்கு உட்கார இடமில்லை, சொறி வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் புளோரிடாவிலோ 2006 தொடக்கம் வரை, நோய் கண்ட மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு இங்கே வந்தால் என் தோட்டத்தில் ஒரு மரம் மிஞ்சாது.

மரபணு என்றாலே என் மைத்துனர் முகம் சுளிப்பார். வேறு உயிரின் மரபணுவைச் செருகுவது வேறு, மரத்தின் சொந்த எழுத்தில் இரண்டைத் திருத்துவது வேறு. பின்னதற்கு மத்திய அரசு 2022-இலேயே விதிகளைத் தளர்த்திவிட்டது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தும் ஆயிற்று. எலுமிச்சைக்கு எப்போது? மகரந்தம் கலந்து புது ரகம் எடுப்பதும் எலுமிச்சையில் லேசில்லை. விதை போட்டால் பெரும்பாலும் தாய் மரத்தின் நகலேதான் முளைக்கும். நாகபுரியில் மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பி.கே.எம்.1 எலுமிச்சை ரகம் தந்த பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நம் நாட்டு எலுமிச்சையில் இதை முயன்று பார்க்கட்டும்.

சொறிப் பழத்தில் சாறு ஒன்றும் குறைவதில்லை. ஆனாலும் கமிஷன் கடையில் அதைத் தனியே ஒதுக்கி, பாதி விலைகூடச் சொல்லமாட்டார்கள்.

திருத்திய எலுமிச்சை வரும்வரைக்கும் நோய்க் கிளைகளை வெயில் நாளில் கவாத்து செய்து எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பதுதான் வழி. இலைக்குள் குடைந்து தின்னும் இலைத்துளைப்பான் பூச்சியையும் கவனிக்க வேண்டும், அது போட்ட காயத்தில் பாக்டீரியா சுலபமாக ஏறும்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். எங்கள் ஊர் உரக்கடைக்காரரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
புளியங்குடி