பேங்காக்கின் ஆரஞ்சு சட்டை பைக் டாக்சி அண்ணனுக்கு

மாலை ஏழரைக்கு விமானம், நானோ வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பாதம்வரை பார்த்தே தீருவேன் என்று நின்றுவிட்டேன். அப்புறம் ஏறிய டாக்சி யாவராட் சைனா டவுன் நெரிசலில் அசையவே இல்லை. இறங்கி மழையில் முழித்தபோது நீங்கள்தான் பைக்கை நிறுத்தினீர்கள் அண்ணா. உங்கள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, பெட்டியை உங்கள் கால்களுக்கு நடுவே வைத்து, சந்து சந்தாகப் புகுந்து ஏர்போர்ட் ரயில் கிளம்பும் பாயா தாய் ஸ்டேஷனில் விட்டீர்கள். சரி, அதோடு போயிருக்கலாம். கூடவே படியேறி வந்து, என் ஈர நோட்டை டிக்கெட் மெஷின் துப்பத் துப்ப, சொந்தச் சில்லறையில் 45 பாட் போட்டு டோக்கனைக் கையில் வைத்தீர்கள். அந்தக் காசை நீட்டினால் கடிகாரத்தைக் காட்டி விரட்டிவிட்டீர்கள்! விமானத்தைப் பிடித்துவிட்டேன். கோப்குன் கப், நன்றி அண்ணா. தாய்லாந்து மொழி தெரிந்தவர்கள் யாராவது இதை அவரிடம் சேர்த்துவிடுங்களேன்.