வேடியப்பனும் உன் மூன்று வருஷமும்

தர்மபுரி,
ஜூன் இரண்டாம் வாரம்.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் மே மாசம் முழுக்க என் பையிலேயே கிடந்தது. எங்களைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களுக்குத்தான் மே மாசம் சம்பளம் கிடையாதே, உனக்கு என்ன வேலை என்று நீ கேட்பாய். மாமனார் தோப்பில் மாங்காய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செந்தூரா முடிந்து பெங்களூரா லாரி ஏறுகிறது. எடை போட வந்த ஏஜெண்டு, "டாக்டர் சாருக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றான். எந்த டாக்டர் என்று நினைத்தானோ, கொஞ்ச நேரத்தில் முட்டி வலிக்கு மாத்திரை கேட்டான்.

பாடமும் எடுத்துக்கொண்டு புத்தகமும் எழுதச் சொல்லி உனக்குக் கொடுத்த மூன்று வருஷ நல்கையில் (ஃபெலோஷிப்) இரண்டு வருஷம் ஓடிவிட்டது, புத்தகம் பாதிகூடத் தேறவில்லை, பாடம் எடுப்பதே பொழுதைத் தின்கிறது என்று புலம்பியிருந்தாய். "இது வேலையா, இல்லை வேலைக்கு வெளியே போட்ட திண்ணையா?" என்றும் கேட்டிருந்தாய். திண்ணைதான். அதைத் தப்பாகச் சொல்லவில்லை.

உன்னால் நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1976-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பிரின்ஸ்டனில் 1999-ல். முனைவர் பட்டம் முடித்த கையோடு ஒருவரைக் கூப்பிட்டு, பாதி நேரம் பாடம் எடு, மீதி நேரம் உன் புத்தகத்தை எழுது என்று சில வருஷம் விட்டுவிடுகிறார்கள். 2008-ல் பொருளாதாரம் சரிந்து கல்லூரிகள் ஆள் எடுப்பதை நிறுத்தினபோது, அமெரிக்கக் கலைக்கழகங்களின் கவுன்சில் 2009-ல் புது ஆசிரியர்களுக்கென்று இரண்டு வருஷ நல்கை ஆரம்பித்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கக் கட்டின திண்ணை. மழை விடவில்லை என்றால் எத்தனை நாள் உட்காருவது என்ற உன் பயமும் நியாயம்தான்.

ஆனால் இங்கே அந்தத் திண்ணையும் இல்லையே. 2018-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகத் துறையில் ஆசிரியராகச் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்றது. அடித்துப் பிடித்து முடித்தோம். 2023 ஜூலையில் கட்டாயமில்லை, நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்று போதும் என்றுவிட்டார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. எனக்கு வருவது 25,000, அதுவும் 11 மாசம். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) 2024-ல் அரசுக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் 4,000 இடம் என்று அறிவித்தபோது வீட்டில் பாயசம் வைத்தாள். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

பணத்தை விடு. நான் சொல்ல வந்தது வேறு. போன செமஸ்டரில் இரண்டாமாண்டுக்கு நடுகல் பாடம் எடுத்தேன், செத்த வீரனுக்கு நடும் கல். கல் நடும் சடங்குகளை, காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க நெலத்துல இருக்கற வேடியப்ப சாமியும் இப்படித்தான் கையில வில்லு வச்சிருக்காரு. கால்கிட்ட மாடு கூட இருக்கு. எழுத்து இருக்கான்னு தெரியல சார், எண்ண ஊத்தி ஊத்தி மூடிப்போச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முழங்கால் உயரக் கல். எண்ணெயும் மஞ்சளும் விரல் கனத்துக்குக் காய்ந்து கிடக்கிறது. லேசாகச் சுரண்டிப் பார்க்கலாமா என்றதற்கு அவள் பாட்டி, "சாமி மேனியச் சொரண்டுவாங்களா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்து, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். வீரனின் தோளுக்கு மேலே வரிவரியாக நிழல் எழுந்தது. பழைய வட்டெழுத்துதான்டா! நான் கூட்டிப் படித்தது ஒரே ஒரு சொல்: 'தொறு', மாட்டு மந்தை. மாடு மீட்கப் போய்ச் செத்தவன். நீ ஆய்வேட்டில் அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போன ஆள், இங்கே பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வகுப்பு. வாரத்துக்கு 16 மணி நேரம், அப்புறம் விடைத்தாள் கட்டு. அந்தக் கல்லைப் பற்றி ஆரம்பித்த கட்டுரை நாலு பக்கத்தில் நிற்கிறது. ராதாகிருஷ்ணன் பெயரில் யுஜிசி 2022-ல் அறிவித்த நல்கை ஒன்று இருக்கிறது, மாசம் 50,000, நம் மொழிக்காரர்களும் மனுப் போடலாம். ஆனால் அது ஆராய்ச்சிக்கு. கிடைத்தால் வகுப்பை விட்டுவிட்டுப் போகவேண்டும். வகுப்பை விட்டிருந்தால் அந்தப் பிள்ளை எழுந்து பேசியிருப்பாளா? பேசினாள், ஆனால் எழுத எனக்கு நேரமில்லை. உனக்கு இரண்டையும் ஒரே கையில் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் நீ குறை சொல்லி எழுதுகிறாய். பொறாமைதான், வைத்துக்கொள். நம் மாவட்டத்துக்கு இப்படிப் பத்துப் பேரைப் போட்டால் போதும், வாரத்துக்கு எட்டு மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரம் ஊர் ஊராகக் கல்லைப் பார்க்க. யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

உன் பாடத்திட்டத்தை அனுப்பு, முதல் வாரம் என்ன செய்கிறாய் என்று பார்க்கவேண்டும். கல்லின் எட்டுப் படமும் கூரியரில் வருகிறது. செல்போனில் அனுப்பினால் நிழல் தெரியமாட்டேன் என்கிறது, அதனால் ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டேன். மூன்றாவது வரி உனக்குத்தான் படிக்க வரும். ஆடியில் அந்தப் பாட்டி கல்லைக் கழுவுவாராம், அதற்குள் படித்துச் சொன்னாயானால் எந்த எழுத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும்.

உன்,
தர்மபுரிக்காரன்