குதிரைத்திறனைச் சொன்னீர்கள், மணிக்கணக்கைச் சொல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வாகனப் பகுதியில் டூ ஸ்ட்ரோக் சூப்பர்மோட்டோ (சாலைச் சக்கரம் மாட்டிய மண் பந்தய பைக்) பற்றி வந்த கட்டுரை, அதை ஓட்டும் இன்பத்தைச் சரியாகவே சொல்லியிருந்தது. நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடை, ஐம்பது குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பு. வளைந்து நெளியும் சாலையில் இதற்கு ஈடான வண்டி வேறு இல்லை என்பதுதான் என் கருத்தும். ஆனால் வார இறுதியில் ஓட்டுவதற்கென்று இதை வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி கட்டுரையில் எங்குமே இல்லை. இந்த என்ஜின் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? அதைக் கேட்காமல் வாங்கியவர்கள்தான் பாதி வழியில் பிஸ்டன் ஜாமாகி நிற்கிறார்கள்.

இந்த வகைப் பெரிய வண்டிகளில் பெரும்பாலானவை மோட்டோகிராஸ் (மண் தடப் பந்தயம்) அல்லது என்டியூரோ (காட்டுப் பாதைப் பந்தயம்) பைக்காகப் பிறந்தவை. முன்னால் 21, பின்னால் 18 அல்லது 19 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 17 அங்குலம் மாட்டியதால் அவை சூப்பர்மோட்டோ ஆகியிருக்கின்றன. சக்கரம் மாறினாலும் உள்ளே இருப்பது பந்தய என்ஜின்தான். அதன் கையேடு பராமரிப்பைக் கிலோமீட்டரில் சொல்லாது, மணியில்தான் சொல்லும். பிஸ்டனுக்கு 80 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 60 கி.மீ. வேகத்தில் அது 4,800 கி.மீ. ஃபோர் ஸ்ட்ரோக் சாலை பைக்கிலிருந்து வருபவருக்கு இந்த எண் அதிர்ச்சியாக இருக்கும். அதே சமயம் பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், அதன் ஊசி பேரிங், கேஸ்கெட் செட் ஆகியவற்றை மாற்றுவது சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டு ஒரு மாலையில் முடிகிற வேலை. வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் குறுக்கே நிற்காது. செலவு பிடிப்பது கிராங்க்தான். அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் பிரஸ் வேண்டும், சேர்த்த பிறகு நேர் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். எனவே பிஸ்டன் எப்போது மாறியது என்று கேட்பவர், கிராங்க் எப்போது மாறியது என்பதையும் கேட்டு, இரண்டுக்கும் பில் பார்க்க வேண்டும்.

எந்த வண்டி என்பதில் என் பரிந்துரை தெளிவானது. சாலைக்கு 250 அல்லது 300 சிசி என்டியூரோ மாடலை அடிப்படையாக எடுங்கள், 500 சிசி வேண்டாம். ஹோண்டா சிஆர்500 தயாரிப்பு 2001 மாடலோடும், கவாசாகி கேஎக்ஸ்500 2004 மாடலோடும் முடிந்துவிட்டன. இரண்டிலும் அதிர்வைத் தணிக்கும் பேலன்சர் இல்லை, செல்ஃப் ஸ்டார்ட் இல்லை, கியர் ஐந்துதான், விளக்கெரிய வைக்கும் மின் ஏற்பாடும் கிடையாது. மாறாக 72 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) கொண்ட கேடிஎம் 300 இஎக்ஸ்சியின் 2017க்குப் பிந்தைய மாடல்களில் பேலன்சர், செல்ஃப், ஆறு கியர், ஹெட்லைட் எல்லாம் உண்டு. 2018 மாடலாக வந்த டிபிஐ வண்டிகளில் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் போகிறது. ஆயிலுக்குத் தனி டேங்க் இருப்பதால் கலக்கும் வேலையும் இல்லை. மோட்டோகிராஸ் மாடல்களின் கியர் விகிதங்கள் நெருக்கமானவை, பெட்ரோல் டேங்கும் சிறியது. அவற்றைச் சாலைக்கு இழுத்து வருவது வீண் சிரமம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை என்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளம்பாத குறையை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும், ரீட் வால்வின் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள்) இதழ் நுனி உடைந்திருந்தாலும் குளிர்ந்த என்ஜின் எளிதில் பற்றாது.

கிளப்புவதற்கு முன் இன்னொன்று செய்யலாம். எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும் அந்தப் பருத்த புகைக்குழாய் சிலிண்டரோடு இரண்டு ஸ்பிரிங்குகளால்தான் பிடித்து நிற்கிறது. அதைக் கழற்றி எடுத்து, எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பிஸ்டனின் பக்கவாட்டு மேலும் கீழுமாகக் கண்ணுக்கு நேரே ஓடும். மெல்லிய நேர்க்கோடுகள் இருந்தால் பரவாயில்லை. அலுமினியம் இழுபட்டுத் தேய்த்ததுபோல் பட்டையாகத் தெரிந்தால் அது ஒருமுறை பிடித்து விடுபட்ட என்ஜின். ரிங் துவாரத்தின் நேரே வரும்போது மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அசையாவிட்டால் கரி ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் ரீட் பிளாக்கைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதித்தால் அதையும் பாருங்கள். அந்தப் பக்கம் பிஸ்டன் மங்கி, மணல்தாள் தேய்த்ததுபோல் இருந்தால் ஏர் ஃபில்டருக்குச் சரியாக எண்ணெய் இடாமல் ஓட்டி, தூசி தின்ற வண்டி. சிலிண்டர் சுவரில் இருப்பது நிக்கல் சிலிகான் கார்பைடு பூச்சு. அது உரிந்துவிட்டால் வழக்கம்போல் போர் செய்து பெரிய பிஸ்டன் போட்டுவிட முடியாது, மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் உச்சியைக் கொஞ்சம் தாண்டிய நிலையில் ஃபிளைவீலை இருபுறமும் மெதுவாக ஆட்டுங்கள். பிஸ்டன் நகரும் முன்பே ‘டக்’கென்று ஒரு தளர்வு கைக்குத் தட்டுப்பட்டால் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு, மேலும் கீழும் ஆடவே கூடாது.

டூ ஸ்ட்ரோக்கில் பலர் கவனிக்காதது கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள். கிராங்க் அறைதான் இங்கே பெட்ரோல், காற்றுக் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்ப். இடப்பக்கம், அதாவது மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், கலவை மெலியும் (காற்றுக்குப் பெட்ரோல் குறையும்), பிஸ்டன் சூடேறும். இதற்கு அறிகுறி, சூடான என்ஜினை ஒருமுறை ரேஸ் செய்து விட்டால் ஐட்லிங் உடனே இறங்காமல் மேலேயே தொங்குவது. வலப்பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். சூடான பிறகும் புகை அடர்த்தியாக வரும், கியர்பாக்ஸில் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை உண்டு. எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் ரப்பர் அடைப்பால் மூடி, 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நீர் தடவினால் இடம் தெரிந்துவிடும். கியர் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் அது வாட்டர் பம்ப் சீல்.

பவர் வால்வு (சுற்றுக்கேற்ப எக்ஸாஸ்ட் துவாரத்தைத் திறந்து மூடும் கதவு) கரி பிடித்து மூடிய நிலையில் சிக்கினால் மேல் வேகத்தில் மூச்சடைக்கும். திறந்தபடி சிக்கினால் கீழே இழுவையே இராது. ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 140/80-18 டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 681 மி.மீ. அதற்குப் பதில் வரும் 150/60-17க்கு 612 மி.மீ. பத்து சதவீதம் குறைவு. என்டியூரோ ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விட்டால் ஆறாவது கியரிலும் என்ஜின் அலறிக்கொண்டேயிருக்கும். முன்னால் 13க்குப் பின்னால் 50 பற்கள் என்பது 3.85 விகிதம். சாலைக்கு 14க்கு 42 போட்டால் சரியாக 3. நடுவில் நிற்க விரும்புவோர் 14க்கு 45 போடலாம், 3.21 வரும். செயின் நீளமும் அதற்கேற்ப மாறும். பழைய செயினை வெட்டிப் போடாமல் செட்டாகவே மாற்றுவது நல்லது. முன்சக்கரத்தில் 90/90-21 போய் 120/70-17 வரும்போது விட்டம் 695இலிருந்து 600 மி.மீ. ஆகிறது. சக்கரச் சுற்றளவை மீட்டரில் மாற்றாவிட்டால் ஸ்பீடோமீட்டர் 16 சதவீதம் கூட்டிக் காட்டும். ஓடிய தூரமும் அதே அளவு பொய் சொல்லும். அகலமாக இருந்தால் அழகு என்று பின்னால் 160 போடுகிறார்கள். பல ஸ்விங்ஆர்ம்களில் அது செயினை உரசும், வண்டி சாய்வதும் மந்தமாகும். 150 போதும்.

மண்ணில் சக்கரம் வழுக்கும், தாரில் வழுக்காது. இந்த வித்தியாசத்தை வாங்க கியர்பாக்ஸ்தான் இருக்கிறது, ஏனென்றால் பந்தய ஹப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் கிடையாது. ஒவ்வொரு முறை த்ராட்டிலை முறுக்கும்போதும் விடும்போதும் விழும் அடி செயின், கிளட்ச் கூடை, கியர் பற்கள் என்று நேராக ஏறும். ரப்பர் வைத்த ஹப் கொண்ட சக்கரம் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். கியர் ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். சிறிய அளவு சீக்கிரம் கெடும், அடிக்கடி மாற்றினாலும் செலவு அதிகமில்லை.

பிரேக்கில் ஒரு பொருத்தம் தவறாமல் பார்க்க வேண்டும். 320 மி.மீ. டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் மாட்டிவிட்டு, பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டரையே வைத்திருந்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். தள்ளும் திரவம் போதாததுதான் காரணம். காலிப்பருக்கு ஏற்ற பெரிய மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். சஸ்பென்ஷனுக்கு உங்கள் எடைக்கேற்ற கடினமான ஸ்பிரிங். ஃபோர்க்கை கிளாம்பில் மேலேற்றி விட்டு வண்டியின் உயரத்தை இறக்கியாயிற்று என்று நினைப்பவர்களுக்கு வேகத்தில் கைப்பிடி உதறும். சிறிய சக்கரத்தால் ஏற்கெனவே டிரெயில் (முன்சக்கரத்தை நேராக நிற்கவைக்கும் வடிவமைப்பு அளவு) குறைந்திருக்கிறது, இது இன்னும் குறைக்கும். புதிதாகக் கட்டிய சக்கரங்களில் முதல் 100 கி.மீ.யில் ஸ்போக் இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

இனி, சாலையில் என்ஜினைக் கொல்வது எது என்பதைச் சொல்ல வேண்டும். காட்டுப் பாதையில் யாரும் த்ராட்டிலைக் கால்வாசி முறுக்கிப் பத்து நிமிடம் ஒரே வேகத்தில் போவதில்லை. சாலையில் அதுதான் நடக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளைகளில் முக்கியமானது) மாற்றிவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மெயின் ஜெட் வேலை செய்வது முக்கால் முறுக்குக்கு மேலேதான். அதற்குக் கீழே ஆள்வது ஊசியும், அதற்கும் கீழே பைலட் ஜெட்டும். ஆகவே சீரான வேகத்துக்கான கலவையை ஊசியின் கிளிப்பிலும் பைலட்டிலும்தான் திருத்த வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே ஜெட்டில் கலவை மெலியும். கோடையில் கச்சிதமாக வைத்ததைக் குளிர்காலத்தில் அப்படியே விடக்கூடாது.

பெட்ரோலில் கலக்கும் ஆயில் அளவு 60க்கு 1 என்றால் லிட்டருக்கு 17 மி.லி., 40க்கு 1 என்றால் 25 மி.லி., 32க்கு 1 என்றால் 31 மி.லி. கையேடு 60 சொன்னாலும், நீண்ட நேரம் உயர் சுற்றில் ஓடும் சாலைப் பயன்பாட்டுக்கு 40 பாதுகாப்பானது என்பேன். ஆயிலைக் கூட்டினால் அதே கொள்ளளவில் பெட்ரோல் சற்றுக் குறைகிறது, கலவை சிறிது மெலிகிறது. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். எட்டு லிட்டர் நிரப்ப 200 மி.லி. ஆயில் தேவை, அளவு குறித்த சிறு பாட்டில் பையில் இருக்கட்டும். சின்ன டேங்க் என்பதால் 100 கி.மீ. தாண்டுவதற்குள் பங்க் தேட வேண்டிவரும்.

இறக்கத்தில் முறுக்கை முழுதும் விட்டு, கியரில் வைத்து நீண்ட தூரம் இறங்காதீர்கள். சுற்று அதிகம், உள்ளே போகும் பெட்ரோலோ சொட்டுதான். ஆயிலும் அந்தச் சொட்டோடுதான் போகிறது. கிளட்ச்சைப் பிடியுங்கள், அல்லது இடையிடையே ஒரு முறுக்குக் கொடுங்கள். கிளம்பும்போது ரேடியேட்டர் இளஞ்சூடாகும்வரை பொறுக்க வேண்டும். பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிவதால், குளிரில் முறுக்கினால் பிஸ்டன் சுற்றிலும் நான்கு இடங்களில் சிலிண்டரைப் பிடிக்கும். நெரிசலில் நின்று நின்று போக நேர்ந்தால் ரேடியேட்டருக்குச் சிறு மின்விசிறி அவசியம். காற்று ஓடினால்தான் குளிரும் என்று வடிவமைத்த ரேடியேட்டர் அது.

வாரத்தில் ஐந்து நாள் நிற்கும் வண்டி என்பதால் இதையும் சேர்க்கிறேன். கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் தங்கும் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் பிசினாகி பைலட் ஜெட்டை அடைக்கும். அடுத்த வாரம் கிளம்பாது, அல்லது ஐட்லிங்கில் நிற்காது. பெட்ரோல் குழாயை மூடி என்ஜின் தானே அணையும்வரை ஓடவிடுவது சரியான வழியல்ல, கடைசி நொடிகளில் கலவை மெலிந்து ஓடும். என்ஜினை அணைத்துவிட்டு அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்ததைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஆவணங்கள். என்டியூரோ மாடல்கள் பல நாடுகளில் சக்தியைக் குறைத்த நிலையில்தான் சாலைப் பதிவு பெற்றவை. அந்தத் தடைகளை நீக்கி, சைலன்சரை மாற்றிய வண்டி பதிவிலுள்ள வண்டியாக மதிக்கப்படாமல் போகலாம். அப்படியானால் விபத்தின்போது காப்பீடு கைவிடும். மோட்டோகிராஸ் மாடல்களுக்குப் பல இடங்களில் சாலைப் பதிவே கிடைக்காது. ஸ்டியரிங் தலையில் பொறித்த சேஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுவிட்டு, சக்கர அளவு மாற்றமும் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டூ ஸ்ட்ரோக் என்ஜின் வேலை செய்யும் ஒரு வாசகர்