கண்ணிப் பாடல்களைச் சத்தத்தில் மூழ்கடித்த நிகழ்ச்சி: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளும் சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு கண்ணிகளும் ஒரே மேடையில், நாகூர் பக்கீர்கள் கையில் தட்டும் தாயிராப் பறையின் ஒலியோடு என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். ஆளுக்கு 1,200 ரூபாய் என்று மூன்று டிக்கெட் எடுத்தேன். திருநெல்வேலியில் சர்ச் கொயரில் நாற்பது வருடம் பாடிய என் அத்தையை அதற்காகவே ஊரிலிருந்து வரவழைத்தேன்.

சாஸ்திரியார் தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்தில் எழுதியவர். மஸ்தான் சாகிபு தொண்டிக்குப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, 1838இல் இங்கேயே அடங்கியவர். ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரையும் ஒரே மாலையில் கேட்கலாம் என்ற ஆசையோடு வந்தோம்.

கேட்க முடியவில்லை. கீர்த்தனை தொடங்கியதுமே பதிவுசெய்து வைத்திருந்த கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டன. ராகம் தெரிந்தது, சாகித்யம், அதாவது பாட்டின் சொல், ஒரு வரிகூடப் புரியவில்லை. கண்ணியில் நடந்தது இன்னும் மோசம். கண்ணி என்பது இரண்டு அடி. 'பராபரமே' என்று முடியும் இடத்தில் சபையே சேர்ந்து பாடும். அன்றும் முன்வரிசையில் சிலர் வாயெடுத்தார்கள். சரியாக அந்த இடத்தில் பேஸ் சத்தத்தை ஏற்றினார்கள், அவர்கள் அடங்கிப்போனார்கள். பெரியவர் ஒருவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தாயிராவோடு பாடிய இரண்டு நிமிடம்தான் என் மனதில் நின்ற நிகழ்ச்சி. அதையும் ஸ்பான்சர் அறிவிப்புக்காக நிறுத்தினீர்கள்.

ஒன்றரை மணி நேரம் என்று நீங்கள் சொல்லியிருந்த பக்கீர்கள் பகுதி இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவரிடம் இடைவேளையில் சொன்னேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும்" என்றார். என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் வரிகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வேண்டியது சொல்தான்.

நான் கேட்பது மூன்று. கட்டணம் 3,600 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அன்று மேடையில் எடுத்த குரல் பதிவை, கீபோர்டு சேர்க்காமல், பாடகர்களின் சம்மதத்தோடு டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நேரம் குறைந்ததைக் காட்டிப் பக்கீர்களுக்குப் பேசிய தொகையில் கை வைக்கவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். டிக்கெட் நகலும் விளம்பரப் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளர்