ஏழு மாதச் சம்பளம், பன்னிரண்டு மாதக் கட்டு

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். வர முடியவில்லையே என்று உன் தங்கச்சி இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. நீ அனுப்பிய போட்டோவை ஃபிரிட்ஜ் மேல் சாத்தி வைத்திருக்கிறாள். தை பிறக்கட்டும், ஒருநாள் பொன்மலைக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி மகனைப் பற்றி எழுதியிருந்தாய். கையெழுத்துப் போட்டால் இருந்துதான் ஆகணும், கால்பந்து விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், நம்ம காலத்தில் டீயும் பன்னும்தானே கிடைத்தது என்று. அவன் மேல் பிரியம் இல்லாமல் நீ எழுதியிருக்க மாட்டாய். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவனே நீதான். ஆனாலும் அந்த நாலு வரி என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், கேள்.

அந்தக் கிளப் வெளிமாநிலத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ட்ரையலில் இவனை எடுத்த அன்று சாயங்காலமே கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாளாம். பதினான்கு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்த பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? “எல்லாருக்கும் இதே பேப்பர்தான் தம்பி” என்று ஒருவர் பேனாவை நீட்டியிருக்கிறார். இவன் அவசர அவசரமாகப் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு காப்பி தபாலில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

போன மாதம் அவன் ஊருக்கு வந்திருந்தபோது ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். ஒன்பதாம் பக்கத்துக்கு அடியில் அவனுடைய கட்டைவிரல் விழுந்திருக்கிறது. விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்கிற வரி அந்த விரலுக்குக் கீழே மறைந்துவிட்டது. அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பேச்சு வரவில்லை.

மற்றதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மாதம் 28,000 ரூபாய், மூன்று வருஷம். ஆனால் லீக் நடக்கிற ஏழு மாதத்துக்குத்தான் சம்பளம். மீதி ஐந்து மாதம் ஒரு பைசா கிடையாது. அந்த ஐந்து மாதமும் வேறு எந்த அணிக்கும், எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது. அடிபட்டு ஆறு வாரத்துக்கு மேல் ஆடாவிட்டால் கிளப் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பிவிடலாம். ஆட்டம் திருப்தி இல்லை என்றாலும் அனுப்பலாம். திருப்தியை யார் அளப்பது என்று எங்கேயும் இல்லை. இவன் போக நினைத்தால் மட்டும் கிளப் சம்மதிக்க வேண்டும், என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று தர வேண்டும், இவன் பணமும் கட்ட வேண்டும்.

மலப்புரம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டத்துக்கு இவனைக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு ராத்திரிக்கு 2,000, 2,500 கையில் கிடைக்கும். அங்கே கால் போனால் கேட்க நாதியில்லை, அங்கீகாரம் இல்லாத போட்டி, பதிவு பெற்ற வீரன் அதில் ஆடக் கூடாது என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் சொல்கிறது. தடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள். தடுக்கிறவன் அந்த ஐந்து மாதம் சோறு போட வேண்டாமா? ஏழு மாதத்துக்குக் கூலி கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டிப்போடுவது எந்த ஊர் வழக்கம்?

உன்னையும் ரயில்வேயில் கட்டித்தான் வைத்திருந்தார்கள் மாப்ள. கல்கத்தா கிளப்பிலிருந்து உனக்கு ஆள் வந்தபோது டிபார்ட்மெண்டில் விடமாட்டேன் என்றார்கள். நீ ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாய். ஆனால் இருபத்தொன்பது வயதில் உன் முழங்கால் போன பிறகும் மாதம் பிறந்தால் உனக்குச் சம்பளம் வந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, பாஸ் இருந்தது, இன்றைக்குப் பென்ஷனும் வருகிறது. கட்டுக்குப் பதில் காலத்துக்கும் நிழல் கொடுத்தார்கள். நம்ம பையனுக்குக் கட்டு மட்டும்தான். நிழலைக் காணோம்.

முதல் சீசன் பணம் இழுத்து இழுத்தாவது வந்து சேர்ந்தது. இரண்டாவது சீசனில் மூன்று மாதம் பாக்கி. நாட்டு நிலவரமும் அப்படித்தான் இருந்தது. 2025 ஜூலையில் நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் தொடரையே நிறுத்திவைத்தார்கள். நடத்துகிற கம்பெனிக்கும் கூட்டமைப்புக்கும் இருந்த உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததுதான் காரணம். அதைக் காட்டிப் பெரிய கிளப்புகள் சிலவே முதல் அணிக்குச் சம்பளத்தை நிறுத்தின. தலைமடையிலேயே தண்ணீர் இல்லையென்றால் கடைமடை வயல் என்ன ஆகும்? இதற்கு நடுவில் வேறொரு கிளப் இவனைக் கேட்டு ஆள் அனுப்பியது. பழைய கிளப் என்.ஓ.சி.க்கு நாலு லட்சம் கேட்கிறது. இவனுக்கு அவர்கள் தர வேண்டியது 84,000. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன், போவதற்கு விலை கேட்கிறான்.

சின்ன வயதில் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நாம் வேடிக்கை பார்த்திருக்கிறோமே, அந்த ஞாபகம்தான் வந்தது. இவனை வைத்து இரண்டு கிளப்பும் போனில் பேசிக்கொள்கின்றன. இவன் காதுக்கு எதுவும் வருவதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் முன்பணம் வாங்கிக்கொண்டு வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்குப் போய் மாட்டிக்கொண்ட பையன்கள் என் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். அந்தக் கொடுமையும் இதுவும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘கணக்கு முடிந்தால்தான் போகலாம்’ என்கிற அந்தப் பேச்சை இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டேன்.

இதெல்லாம் பந்தாட்டம் பிறந்த ஊரிலேயே நடந்ததுதான். இங்கிலாந்தில் 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் சம்பளம் கிடையாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1961 ஜனவரியில் ஒழிக்கப்பட்டபோதும் 20 பவுண்டில்தான் நின்றது. ஸ்டேடியம் நிரம்பி வழியும், டிக்கெட் காசு முதலாளிக்குப் போகும். டாம் ஃபின்னி என்று ஒரு விங்கர், நம்ம மாதிரி மைதானத்து ஓரத்தில் ஓடி ஆடுகிறவர். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் கையெழுத்துக்கு மட்டும் 10,000 பவுண்டு தருவதாகக் கூப்பிட்டது. அவர் ஆடிய பிரஸ்டன் கிளப் விடவில்லை. அவர் குழாய் ரிப்பேர் வேலையும் பார்த்துக்கொண்டு, கடைசிவரை அந்தக் கிளப்புக்கே ஆடி முடித்தார். எத்தனையோ வருஷம் பையன்களுக்கு அவரைக் கிளப் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவனை விசுவாசி என்று சொல்லலாமா?

அங்கே இன்னொரு கொடுமையும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் நினைத்தால் வீரனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960-ல் தன் கிளப்பான நியூகாசிலுக்கு இனி ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தொடாமல் வேறு வேலைக்குப் போனார். அப்புறம் ஆர்சனலுக்கு விற்றார்கள். விலகல் கிடைத்த பிறகும் அவர் வழக்கை விடவில்லை பார், அதுதான் பெரிய மனசு. 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்த முறை ஒருவனுடைய தொழிலை நியாயமில்லாமல் முடக்குகிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மான் கதை உனக்கும் தெரியும். 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. சம்பளத்தில் முக்கால் பங்கைக் குறைத்துக்கொள் என்றது கிளப். சரி, பிரான்சுக்குப் போகிறேன் என்றால் அந்த நாட்டுக் கிளப்பிடம் பணம் கேட்டு மறித்தது. ஐந்து வருஷம் போராடி 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். இன்று ஒப்பந்தம் முடிந்ததும் பைசா கட்டாமல் கிளப் மாறிக் கோடி கோடியாக வாங்குகிறவர்கள் எல்லாம் அவர் போட்ட பாதையில் நடக்கிறவர்கள். அவருக்கோ அதற்குள் ஆடுகிற வயது போய்விட்டது. பிறகு குடியிலும் மனச்சோர்விலும் பணமில்லாமலும் கஷ்டப்பட்டார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன குறை என்று நீ கேட்பாய். அந்த மாதிரி ஆட்கள் கொஞ்சம் பேர். அவர்கள் பக்கத்தில் வக்கீல் இருக்கிறார், ஏஜெண்ட் இருக்கிறார். பேப்பரின் பாரம் முழுதும் விழுவது 28,000 வாங்குகிற தோளில். அதுவும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடினால் பெரிய விஷயம். இரண்டு வருஷம் உட்கார வைத்தால் ஆறில் ஒரு பங்கு வாழ்க்கை போயிற்று.

கிளப் பக்கமும் நியாயம் இருக்கிறது மாப்ள, அதை நான் மறைக்கவில்லை. மாவட்ட லீக் ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் என் ஃபார்வர்டு பையன் 1,500 ரூபாய்க்குச் செவன்ஸ் ஆடப் போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்து நின்றானே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு என் கையில் அவனைக் கட்டுகிற பேப்பர் ஒன்று இருந்திருந்தால் நானே நீட்டியிருப்பேன். ஒப்புக்கொண்ட சீசனை முடித்துக் கொடுக்கத்தான் வேண்டும். வளர்த்தவர்களுக்கும் பங்கு போக வேண்டும். ஒப்பந்தத்தின் நடுவில் வீரன் விலைக்குப் போனால் 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தப் பணத்தில் ஐந்து சதவீதம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியே இருக்கிறது. அது நல்ல விதி, அதன் பாரம் வாங்குகிற கிளப்பின் பணத்தில்தான் விழுகிறது, பையன் தலையில் இல்லை.

சம்பள விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். எல்லா ஊரிலும் முதலில் கூரை போடுகிறார்கள். ஐஎஸ்எல்லிலும் ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். தரை போட யாருக்கும் அவசரம் இல்லை. 2023-ல் இந்தியப் பெண்கள் லீக்குக்கு மட்டும் ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சமாவது கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நம்ம மதுரை சேது எஃப்சி 2019-ல் அந்த லீக்கில் சாம்பியன் ஆனபோது அப்படி ஒன்று இருக்கவில்லை. மாதம் 27,000 கூட வராத தொகைதான், ஆனாலும் காலை ஊன்ற ஒரு தரை. பையன்களின் கீழ்மட்டக் கிளப்புகளுக்கும் அதையே கேட்கிறேன்.

அப்புறம், என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். ஹைகோர்ட் கிளையில் வக்கீலாக இருக்கிற என் பழைய மாணவனிடம் போனோம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் கட்டுப்பாடு வைக்கலாம், காலம் முடிந்த பிறகும் நீட்ட முடியாது என்று கோர்ட்டுகள் சொல்லிவந்திருக்கின்றன. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் ஒரு விளம்பர நிர்வாகக் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது என்றான். ஆனால் நம்ம பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. அதற்கு உதவுவது ஃபிஃபா விதிதான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், வீரன் எழுத்தில் பதினைந்து நாள் கெடு கொடுக்கலாம். அதற்குள் கட்டாவிட்டால் அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். 2018-லிருந்து அந்த விதி இருக்கிறது. அந்தப் பதினான்கு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நோட்டீஸ் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் போயிருக்கிறது. இன்றோடு ஒன்பது நாள். என் தங்கச்சி தினம் ராத்திரி போன் செய்து, பெரிய இடத்துப் பொல்லாப்பு எதற்கு அண்ணே என்கிறாள். அவள் பயமும் நியாயம்தான், நாளைக்கு வேறு கிளப் எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது? பையன் மட்டும் கலங்கவில்லை. மார்கழிப் பனியில் ஐந்தரை மணிக்கே ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். நான் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக லைனில் நின்று பந்தை உருட்டிப் போடுகிறேன். இடது காலில் கிராஸ் நன்றாக வருகிறது, உன் பழைய கிராஸ் மாதிரியே சுழன்று இறங்குகிறது.

உனக்கு இரண்டு வேலை. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு வந்தால் உடனே தெரிவி, அவனுக்கு இந்தத் தையில் இருபத்துமூன்று முடிகிறது. இன்னொன்று, அவனுக்கு நீயே ஒரு போன் செய். கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கல்கத்தாக்காரர்கள் வந்த கதையைச் சொல், அவன் இன்னும் கேட்டதில்லை.

உன்,
லெஃப்ட் விங் பங்காளி