குள்ள மலைப்பாம்பும் பூனைக்கண்ணும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் வாழும் குள்ள மலைப்பாம்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த துணுக்கில் இரண்டு பிழைகள். ஒன்று சாதாரணம், மற்றது ஆளைக் கொல்லக்கூடியது.

துணுக்கில் சொன்னதுபோல் அது பெர்த் நகரப் பாம்பல்ல. 1932இல் இட்ட 'பெர்தென்சிஸ்' என்ற அறிவியல் பெயர்தான் குழப்புகிறது. அது வாழ்வது வெகு வடக்கே, இரும்புத்தாதுச் செம்பாறைகளிலும் ஸ்பினிஃபெக்ஸ் புல் புதர்களிலும் கரையான் புற்றுகளிலும். (அதன் உறவான 'சில்ட்ரன்ஸ் பைதான்' கூடக் குழந்தைகளுக்கான பாம்பில்லை, ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்ற விலங்கியலாளரின் பெயர் அது!)

'கண்பாவை பூனைக்கண் போல் செங்குத்தாக இருந்தால் விஷப்பாம்பு' என்று எழுதியிருந்ததுதான் ஆபத்து. அது விரியன்களைப் பார்த்துச் சொன்ன விதி. நம் நாகத்துக்கே பொருந்தாது. ஆஸ்திரேலியாவிலோ விரியனே கிடையாது. அங்கே கொடிய முல்கா பாம்புக்கு வட்டப் பாவை. விஷமில்லாத இந்தக் குள்ளனுக்குச் செங்குத்துப் பாவை. சரி, விதியைத் தலைகீழாக்கினால் போதுமா? போதாது. அதே பாறை, அதே புதரில் இருக்கும் 'டெத் ஆடர்' நாகக் குடும்பத்துக் கொடும்பாம்பு, அதற்கும் பூனைக்கண். போதாததற்கு, இரவில்தான் இவை வெளியே வருகின்றன. இருட்டில் பாவை விரிந்து எல்லாக் கண்ணும் வட்டமாகவே தெரியும்.

நீளமும் உதவாது, இரண்டுமே அரை மீட்டர் சொச்சம். வாலைப் பாருங்கள். மலைப்பாம்பின் வால் சீராகக் குறுகும். டெத் ஆடருக்குத் தடித்த உடல் சட்டென்று முடிந்து, நுனி மட்டும் புழு போல் மெலிந்திருக்கும். பல்லிகளை ஈர்க்க அதைத்தான் துடிக்கவிடும். தலையும் அகன்ற முக்கோணம். மலைப்பாம்பின் கீழுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் உண்டு. ஆனால் அதைத் தேடிக் குனியவே கூடாது. தள்ளி நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தகரத்தையோ பலகையையோ புரட்ட வேண்டியிருந்தால், எதிர்ப்பக்க விளிம்பைக் கொக்கியால் தம் பக்கம் தூக்க வேண்டும். அப்போது அது பாம்புக்கும் ஆளுக்கும் இடையே தடுப்பாக நிற்கும்.

கடித்தது எதுவென்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். அங்கே அவசர உதவி எண்ணான 000-ஐ அழைத்து, கடிவாயைக் கழுவாமல் (தோலில் ஒட்டிய விஷம் சோதனைக்கு உதவும்), அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை அந்தக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, அது அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள்.

இப்படிக்கு,
ஊர்வன ஆர்வலர்