அமெரிக்கக் கால்பந்தில் மகளிரின் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் கால்பந்தின் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலரும், 2023இல் மெஸ்ஸி இன்டர் மயாமி அணியில் சேர்ந்ததிலிருந்தே கதையைத் தொடங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. 1996இல் 10 அணிகளுடன் தொடங்கிய மேஜர் லீக் சாக்கர் என்னும் ஆடவர் கால்பந்துத் தொடர் 2025இல் 30 அணிகளாக விரிந்தது உண்மையே. ஆனால் 1999இல் பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் 90,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருக்க, மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனாவைப் பெனால்டி ஷூட்அவுட்டில் அமெரிக்கப் பெண்கள் வென்றார்களே, அன்றுதான் அந்நாட்டு ஊடகங்கள் இவ்விளையாட்டின் உண்மையான ஈர்ப்பை உணர்ந்தன என்பது என் உறுதியான கருத்து. ஆடவருக்கு இணையான ஊதியத்தைப் பெற அவ்வணியினர் 2022 வரை போராட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றையும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்